காதில் விழுந்த பூஜ்யம்

உங்கள் முதுகில் எத்தனை மச்சம் இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாதா? எண்ணிப் பார்த்ததே இல்லையா? சரி, அப்படியானால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறேன். கோபப்படாதீர்கள். உங்கள் பெயருக்கு எதிரே எங்கோ ஒரு கட்டத்தில் இதைவிட மோசமான பூஜ்யம் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அதைப் போட்டவருக்கு உங்கள் மேல் எந்தப் பகையும் கிடையாது. டீ ஆறிக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான்.

டீ ஆறுகிறதே என்று ஒரு பூஜ்யத்தைப் போட்டவளின் கதை இது.

தொழிலாளர் உடல்நல மையத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. படியேறி வலப்பக்கம் திரும்பினால், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். அதற்கு அடுத்த அறை. பக்கத்து நெசவாலைத் தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை கீழ்த்தளத்துக்கு வந்து உயரம், எடை, நாடி, கண், காது, பல் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போவார்கள். அளந்ததை எல்லாம் கணினியில் அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. ஆளுக்கு ஒரு வரிசை, அளவுக்கு ஒரு கட்டம். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் 'கட்டக்காரி' என்று பெயர். வயது நாற்பத்து நான்கு. கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதையே தேடுவாள். கூட்டல் கழித்தலில் அவளை யாரும் அசைக்க முடியாது. மேலதிகாரி எதிரே நின்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த மேலதிகாரியை எல்லோரும் 'பூஜ்யர்' என்பார்கள். வணக்கத்துக்குரியவர் என்ற பொருளில் சொல்கிறார்கள் என்று அவர் நம்பினார். அகராதியும் அவர் பக்கம்தான். ஆனால் அலுவலகத்தில் அகராதியைப் பார்த்தா பட்டப்பெயர் வைக்கிறார்கள்?

ஆறு வருடத்துக்கு முன்பு காகிதப் பேரேடுகளை மூட்டை கட்டிவிட்டுக் கணினிக்கு மாறியபோது, கட்டங்களை அமைத்தது அவள்தான். ஒவ்வொரு கட்டத்தையும் அமைக்கும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும்: யாரும் இதில் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டால் நான் என்ன செய்யட்டும்? காலியாகவே விடலாம். அல்லது ஒரு எண்ணைச் சொல்லி வைத்தால், எழுதாத இடத்தில் எல்லாம் கணினி அதையே போட்டுக்கொள்ளும். இந்த எண்ணுக்கு அவர்கள் தொழிலில் டிஃபால்ட் என்று பெயர். அவள் காலியாக விடத்தான் நினைத்தாள். அப்போது பின்னால் வந்து நின்றார் பூஜ்யர்.

"ஏம்மா, அங்கங்க காலியா இருக்கே, என்ன அது?"

"அளக்கலைன்னா காலியா இருக்கும் சார்."

"அசிங்கமா இருக்கும்மா. பல்லு போன வாய் மாதிரி. தலைமையகத்துக்கு அறிக்கை போனா கேள்வி கேப்பாங்க. எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுடு."

அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. 'ஒன்றும் இல்லை' என்பதும் 'ஒன்றும் தெரியாது' என்பதும் வேறு வேறு அல்லவா என்று கேட்க வாயெடுத்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. மேசையில் டீ ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. எல்லாக் கட்டத்துக்கும் பூஜ்யம் என்று தட்டினாள். நான்கு நொடி வேலை.

பூஜ்யத்தின் முதல் சேட்டை உயரத்தில் வெளிப்பட்டது. கீழ்த்தளத்தில் உயரம் அளக்கும் கம்பத்தை யாரோ அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஒரு வாரம் யாருக்கும் உயரம் அளக்கவில்லை. விளைவு, உயரம் பூஜ்யம், எடை எழுபத்திரண்டு கிலோ என்று தரையோடு தரையாகச் சில மனிதர்கள் கணினியில் தோன்றினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று வகுத்துப் பார்க்கப் போன கணினி, பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் மூச்சு நின்று உட்கார்ந்துவிட்டது.

"பூஜ்யம் ஒத்துவரலைன்னா நூத்தி அறுபத்தஞ்சு போடும்மா. சராசரி மனுஷன் உயரம். யாருக்கும் சந்தேகம் வராது" என்றார் பூஜ்யர்.

சந்தேகம் வரவில்லை. சீருடைதான் வந்தது. ஆலைக் கேன்டீனில் பரிமாறும் ஆறடி மனிதருக்குப் பதிவில் இருந்த நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டருக்குக் கணக்காகத் தைத்த பேன்ட் வந்து சேர்ந்தது. மூன்று மாதம் கெண்டைக்கால் தெரியத் தெரியச் சோறு போட்டார் மனிதர். "தண்ணி வத்தினதும் இறக்கி விடுங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். கட்டக்காரியும் சிரித்தாள். ஒரு பூஜ்யம் இப்படிப் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்தால், சத்தம் போடாமல் உள்ளேயே இருக்கும் மற்றவை என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவள் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. 

யோசிக்க வைத்தவள் அவளுடைய அக்கா.

அக்காவும் மாமாவும் அவள் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ் வீட்டில் இருந்தார்கள். மாமா அந்த நெசவாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். கட்டக்காரியைக் கணினிப் படிப்புக்கு அனுப்ப, இரண்டு வருடம் இரட்டை ஷிஃப்ட் பார்த்தவர். இரட்டை ஷிஃப்ட் என்றால் கைக்கு மட்டுமா? காதுக்கும் இரட்டை ஷிஃப்ட்தான். அவருக்குக் காது மந்தம் என்பது தெருவுக்கே தெரியும். அக்கா அவரைக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். மாமா மட்டும் திரும்ப மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஒரு காகிதத்தோடு மாடியேறி வந்துவிட்டாள். பின்னாலேயே மாமா, தண்டனைக்கு வந்த பள்ளிப்பிள்ளை மாதிரி.

"படி. நீயே படி. உன் ஆபீஸ் எழுதிக் கொடுத்த லட்சணத்தை நீயே படி."

அது ஆலையின் கடிதம். மேற்பார்வையாளர் மூன்று முறை அழைத்தும் மேற்படி தொழிலாளி தறியை விட்டு வரவில்லை. உடல்நல மையப் பதிவின்படி அவருடைய செவித்திறன் இழப்பு பூஜ்யம். ஆகவே காதில் விழுந்தும் வேண்டுமென்றே கீழ்ப்படியாதிருந்தார் என்பது தெளிவு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. திருப்தியான விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம்.

கட்டக்காரியின் விரல் 'பூஜ்யம்' என்ற சொல்லில் போய் நின்றது. அக்காவுக்கோ பிரச்சினை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

"பூஜ்யம்னா என்னடீ அர்த்தம்?"

"இழப்பு எதுவும் இல்ல, நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம்க்கா. ஆனா—"

அந்த 'ஆனா'வுக்கு அக்கா காத்திருக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! அப்போ இருபது வருஷமா நான் கத்தினது எல்லாம் காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சா? கேஸ் தீந்துபோச்சுன்னு அன்னிக்கு ஆறு தடவை சொன்னேனே, கேட்டுக்கிட்டேதான் பேப்பர் படிச்சீங்களா?"

"என்ன தேடுறே?" என்றார் மாமா.

"பாத்தியா! பாத்தியா நடிப்பை! கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, இன்னும் நடிக்கிறாரு!"

"அக்கா, கம்ப்யூட்டர் சொல்லலை."

"பின்ன யாரு சொன்னது?"

கட்டக்காரி குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலையெழுத்து. இருபத்திரண்டு வருஷம் உழைச்ச மனுஷனுக்கு இப்படி எழுதியிருக்கு."

தலையெழுத்து! எத்தனை வசதியான சொல். எழுதியவனைத் தேட வேண்டாம், எந்தப் படியும் ஏற வேண்டாம், யாரையும் எதிர்த்துக் கேட்க வேண்டாம். ஆனால் இந்தத் தலையெழுத்தை எழுதியவளுக்கு முகவரி உண்டு. மூன்றாம் மாடி, சொட்டும் குழாய்க்கு அடுத்த அறை. அவள் இப்போது அக்கா எதிரே செருப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்க் கணினியைத் திறந்தாள். மாமாவின் வரிசை. காது: பூஜ்யம். அதற்குப் பக்கத்தில், காதுச் சோதனை நடந்த தேதி: காலி. தேதிக்குப் பூஜ்யம் போட முடியாது, பூஜ்யாம் தேதி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அந்த ஒரு கட்டம் மட்டும்தான் பூஜ்யரின் கையிலிருந்து தப்பித்திருந்தது.

தேதி இல்லாத காதுகள் மொத்தம் எத்தனை என்று கேட்டாள். கணினி யோசிக்கவே இல்லை. ஆயிரத்து எண்ணூறு பேரில் ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.

காது சோதிக்கும் கருவியில் காதில் மாட்டும் ஹெட்போன் ஐந்து வருடத்துக்கு முன்பே உடைந்துபோயிருந்தது. புதிது கேட்டு எழுதிய கோப்பு இன்னும் எங்கோ ஊர்ந்துகொண்டிருந்தது. காது பரிசோதகரை எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கணினி வந்த பிறகு, அது உடைவதற்கு முன்னால் சோதித்தது முன்னூற்று எண்பத்தேழு பேரை. மிச்சப் பேரின் காதுகளைச் சோதித்தது, ஒரு கப் டீ.

காகிதத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு பூஜ்யர் அறைக்குப் போனாள். நாக்கு வழக்கம்போல ஒட்டப் பார்த்தது. மாமாவின் இரட்டை ஷிஃப்டை நினைத்துக்கொண்டு அதைப் பிய்த்து எடுத்தாள்.

"சார், காதுக் கட்டத்துல பூஜ்யத்தை எடுத்துட்டுக் காலியா விடணும்."

பூஜ்யர் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு கேடயம் மின்னியது. 'தொழிலாளர் செவிநலம் காப்பதில் முதலிடம்.' சராசரி செவி இழப்பு ஒன்பதே டெசிபெல் என்ற பெருமைக்காகத் தலைமையகம் கொடுத்தது.

"காலியெல்லாம் வேணாம்மா. பூஜ்யம் பிடிக்கலைன்னா மைனஸ் ஒண்ணு போடு. அளக்கலைன்னு நமக்குள்ள ஒரு அடையாளம்."

"காதுக்கு மைனஸும் நிஜமாவே வரும் சார். பூஜ்யத்தை விடக் கூர்மையான காதுன்னு அர்த்தம். தறி ஓட்டுற ஆயிரத்து நானூறு பேரும் வௌவால் ஆயிடுவாங்க."

"அப்போ தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது போடு. எவனும் நிஜம்னு நினைக்க மாட்டான்."

"மனுஷன் நினைக்க மாட்டான். சராசரி பாக்குற கம்ப்யூட்டர் நினைச்சுக்கும் சார். நம்ம சராசரி எழுநூத்துச் சொச்சத்துக்குப் போகும். எரிமலைக்குள்ள வேலை பாக்குறாங்களான்னு தலைமையகத்துல கேப்பாங்க."

பூஜ்யர் பேனாவை மூடினார். "அப்போ பூஜ்யமே இருக்கட்டும். காலியா விட்டா கேள்வி வரும்னு அன்னிக்கே சொன்னேன்."

"கேள்வி வரணும்னுதான் சார் காலியா விடுறது."

"நீ போய் வேலையைப் பாரும்மா."

அவள் போனாள், வேலையைத்தான் பார்த்தாள். மையத்து ஊழியர்களும் வருடா வருடம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் அதே பதிவில் வரிசை உண்டு. பூஜ்யர் ஒரு வருடமும் கீழ்த்தளத்துக்கு இறங்கியதில்லை. அவருடைய உடல்நல அட்டையை அச்செடுத்து, பெயரை மட்டும் மடித்து மறைத்து, திரும்பப் போய் மேசை மேல் வைத்தாள்.

"இது யாருன்னு பாருங்க சார். இவருக்கு என்ன செய்யலாம்?"

பூஜ்யர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "உயரம் நூத்தி அறுபத்தஞ்சு. எடை பூஜ்யம். பல் பூஜ்யம். ரத்த அழுத்தம் பூஜ்யம். நாடி..." நிமிர்ந்தார். "என்னம்மா இது, நாடி பூஜ்யமா? ஆள் செத்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஆறு வருஷம் சார். ஆனா இன்னிக்குக் காலையில கூட வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்காரு."

மடித்த இடத்தை விரித்துக் காட்டினாள்.

பூஜ்யரின் இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. துடிப்பு கிடைத்ததும் முகத்தில் தெரிந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. பிறகு நாக்கால் பற்களை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். கடைசியில் ஒரு தாளை இழுத்து, 'மேற்படி தொழிலாளிக்கு இம்மையத்தில் செவிச் சோதனை நடைபெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கட்டத்தையும் மாத்திடவா சார்?"

"என்னமோ செய். முதல்ல என் நாடியை எடுத்து எழுது!"

வெள்ளிக்கிழமை பத்து மணி. விசாரணை நடந்த அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை அடித்துக்கொண்டே இருந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, மெல்லப் பேசுவதே கண்ணியம் என்று வளர்ந்தவர். ஒரு பக்கம் மேற்பார்வையாளர், மறுபக்கம் மாமா. மாமாவுக்கு உதவியாகக் கட்டக்காரி.

"உங்க மேல இருக்கிற குற்றச்சாட்டை ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"சாப்பிட்டுட்டுத்தாங்க வந்தேன்" என்றார் மாமா.

அதிகாரி அதைக் குறித்துக்கொள்வதா வேண்டாமா என்று தடுமாறினார். கட்டக்காரி எழுந்தாள்.

"மேடம், பதிவுல இருக்கிற அந்தப் பூஜ்யம் அளந்து எழுதினது இல்ல. இவரைச் சோதிக்கவே இல்ல. சோதிக்காத எல்லாருக்கும் தானா பூஜ்யம் விழுற மாதிரி ஆறு வருஷத்துக்கு முன்னாடி அமைச்சு வெச்சது நான். தப்பு என்னோடது. இது மேலதிகாரி கையெழுத்து."

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "பதிவே இப்படின்னா நான் எதைம்மா நம்புறது?" என்றவர், மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

மேற்பார்வையாளர் அதிகாரியின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மூணு தடவை கூப்பிட்டேன் மேடம். ஒரு பதில் கிடையாது. கல்லு மாதிரி நின்னாரு."

அதைக் கட்டக்காரி ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினாள். மாமா துள்ளி எழுந்தார்.

"பதில் சொன்னேனே! கை ஆட்டினதைப் பாத்துட்டு, 'நூல் அறுந்திருக்கு, முடிச்சுப் போட்டுட்டு வர்றேன்'னு சொன்னேனே! பக்கத்துத் தறிக்காரரைக் கேட்டுப் பாருங்க, அவர் என் வாயைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு!"

அதிகாரி மேற்பார்வையாளரிடம் மெல்லக் கேட்டார். "வர்றேன்னு அவர் சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?"

"பதினெட்டு வருஷ சர்வீஸ் மேடம்" என்றார் மேற்பார்வையாளர், பெருமையாக.

அறையில் தறிச்சத்தம் மட்டும் கேட்டது. கேட்கக்கூடியவர்களுக்கு.

"இவருக்கும் எங்க பதிவுல பூஜ்யம்தான் மேடம்" என்றாள் கட்டக்காரி.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக உரக்கப் பேசினார். "ரெண்டு பேரையும் முதல்ல காதைச் சோதிச்சுக் கூட்டிட்டு வாங்க! அதுவரைக்கும் குற்றச்சாட்டு நிறுத்தம். அவர் தறியில அவர் நிப்பாரு!"

மாமாவுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அந்த வாரமே கட்டக்காரி காதுக் கட்டத்தின் டிஃபால்ட்டை எடுத்தாள். சோதனைத் தேதி இல்லாத பூஜ்யங்களை எல்லாம் அழித்துக் காலியாக்கினாள். காலிக் கட்டத்தைக் கணினி சராசரியில் சேர்க்காது. ஒன்பதாக இருந்த சராசரி, சோதித்த முன்னூற்று எண்பத்தேழு பேரின் உண்மையான சராசரிக்கு ஒரே தாவாகத் தாவியது: நாற்பத்தொன்று. மாத அறிக்கையில் ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று பொக்கைகள். தலைமையகம் கேள்வி கேட்டது. ஐந்து வருடம் ஊர்ந்த கோப்புக்குக் கால் முளைத்து, பதினோராம் நாள் ஹெட்போன் வந்து இறங்கியது. கேடயம் திரும்பப் போனது. காது பரிசோதகர் எடை மேடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மாமாவுக்கு வலது காதில் அறுபத்தெட்டு டெசிபெல் இழப்பு, இடது காதில் எழுபத்தொன்று. மேற்பார்வையாளருக்கு ஐம்பத்தொன்பது. குற்றச்சாட்டைக் கிழித்துப் போட்டார்கள். இருவரும் இப்போது கை ஜாடையில் பேசிக்கொள்கிறார்கள். பழகினால் நல்ல மனிதர்கள்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? இதையும் கேளுங்கள். அந்தக் காதுகள் ஒரே நாளில் போனவை அல்ல. ஐந்து வருடம் வருடந்தோறும் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதி அதே தறிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காதுகள். ஆலை ஒரு காதடைப்பான்கூட வாங்கித் தரவில்லை. ஏன் தர வேண்டும்? சராசரி ஒன்பது ஆயிற்றே! காதைக் கெடுத்த ஆலையும் கேட்காமல், காது கெட்டவனுக்கும் தெரியாமல், நடுவில் அந்தப் பூஜ்ய வட்டம் நின்று இரண்டு பேர் கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு இப்போது காதுக்கருவி மாட்டியிருக்கிறார்கள். முதல் நாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் பேசுகிற குரலில், "கேக்குதாங்க?" என்றாள்.

"கேக்குது."

"நிஜமாவா?"

"நிஜமா. இவ்வளவு மெதுவாக் கூட உனக்குப் பேச வருமா?"

அக்கா அழுது முடித்ததும், இருபது வருடப் பாக்கியை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான்காவது வருடத்துக்கு வரும்போது மாமா கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதுதான் அவர் நிஜமாகவே நடிக்கக் கற்றிருக்கிறார் என்பது கட்டக்காரியின் கணிப்பு. அக்காவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சில கட்டங்கள் காலியாக இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.

கதை முடிந்தது. உங்கள் வேலை இனிமேல்தான். மருத்துவமனையோ பள்ளியோ ஆலையோ, எங்கே உங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களோ அங்கே நாளைக்கே போங்கள். உங்கள் வரிசையைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, "இது அளந்ததா, போட்டதா?" என்று கேளுங்கள். அளந்தது என்றால் தேதியைக் கேளுங்கள். தேதி இல்லை என்றால், அழித்துக் காலியாக்கும் வரை அந்த அலுவலக ஜன்னலை விட்டு நகராதீர்கள்.